பார் கவுன்சில் யாரு பக்கம்? வக்கீல் பக்கமா, கேஸ் குடுத்தவன் பக்கமா?

வக்கீல் மேல கடுப்பானவங்க எல்லாரும் "பார் கவுன்சில்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடுவேன்"னு மிரட்டுவாங்க. அதே ஆளுங்க வக்கீல்கள் கோர்ட் வாசல்ல கோஷம் போடுறத டிவில பாத்தா "பார் கவுன்சில்காரங்க ஸ்ட்ரைக்காம்"னு சொல்லுவாங்க. அப்ப அது வக்கீலை தண்டிக்குற இடமா இல்ல வக்கீலோட யூனியனா? ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றோம், யாருக்கும் உறுத்துறதும் இல்ல. இதுல ஜனங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது, சட்டமே கொஞ்சம் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு, அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

முதல்ல சங்கத்தையும் கவுன்சிலையும் பிரிச்சுப் பாத்துடலாம். பார் அசோசியேஷன்ங்குறது வக்கீல்கள் தாங்களா சேந்து வெச்சுக்குற சங்கம். மெட்ராஸ் ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள்ளயே மெட்ராஸ் பார் அசோசியேஷன், ஹைகோர்ட் அட்வகேட்ஸ் அசோசியேஷன், பெண் வக்கீல்கள் சங்கம், லா அசோசியேஷன்னு நாலஞ்சு இருக்கு, அதுபோக மாவட்டக் கோர்ட், தாலுகா கோர்ட்னு ஊர் ஊருக்கு ஒண்ணு ரெண்டு. லைப்ரரி, உக்கார இடம், ஜட்ஜுக்கு பிரிவு உபச்சாரம், "நாளைக்கு கோர்ட் புறக்கணிப்பு"னு தீர்மானம், எல்லாம் இவங்க வேலை. யூனியன்னு சொல்லணும்னா இதைத்தான் சொல்லணும்.

சங்கம்னா கோஷம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. கம்பெனி லா, டேக்ஸ் கேஸ்களை ஹைகோர்ட்ல இருந்து எடுத்து ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) கைல குடுக்கும்போது அதுல யார் உக்காரணும், எத்தனை வருஷம் இருக்கணும், கவர்மென்ட் பிடி எவ்ளோ இருக்கலாம்ங்குற சண்டையை வருஷக்கணக்கா சுப்ரீம் கோர்ட்ல நடத்துனது மெட்ராஸ் பார் அசோசியேஷன்தான். 2010ல ஒரு தீர்ப்பு, 2014ல நேஷனல் டேக்ஸ் ட்ரிப்யூனல் சட்டமே ரத்து, 2020, 2021னு அடுத்தடுத்து, கடைசியா 2025 நவம்பர்ல ட்ரிப்யூனல் சீர்திருத்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகள் காலி. அதே மாதிரி ஜட்ஜை ஜட்ஜுங்களே தேர்ந்தெடுக்குற கொலீஜியம் முறை வந்த 1993 கேஸும் சரி, அதை மாத்தலாம்னு கொண்டு வந்த நியமன கமிஷன் 2015ல ரத்தான கேஸும் சரி, போட்டது சுப்ரீம் கோர்ட் அட்வகேட்ஸ் ஆன் ரெக்கார்ட் அசோசியேஷன். கேஸ் தலைப்புலயே அவங்க பேருதான் இருக்கும். கொலீஜியம் நல்லதா கெட்டதாங்குறது வேற பஞ்சாயத்து, ஆனா ஒரு சங்கத்தால எவ்ளோ தூரம் போக முடியும்னு இதுல தெரியும்.

பார் கவுன்சில் அப்படி இல்ல, அது சட்டம் போட்டு உண்டாக்குனது. 1961 அட்வகேட்ஸ் ஆக்ட். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில் (நமக்கும் பாண்டிச்சேரிக்கும் சேத்து ஒண்ணு, ஹைகோர்ட் வளாகத்துலயே), அதுக்கெல்லாம் மேல டெல்லில பார் கவுன்சில் ஆஃப் இந்தியா (கீழ டெல்லி கவுன்சில்னு சொல்றதெல்லாம் இதைத்தான்). சங்கத்துல சேராம ஒரு வக்கீல் காலம் தள்ளலாம், ஆனா கவுன்சில் பதிவேட்டுல பேர் இல்லன்னா அவர் வக்கீலே இல்ல, கோட்டு கவுன் போட்டு நின்னாலும் கணக்குல வராது.

1961க்கு முன்னாடி இருந்த குழப்பத்தை நினைச்சா தலை சுத்தும். பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், ப்ளீடர், முக்தார்னு ஆளுக்கொரு ரகம், ஆளுக்கொரு லைசென்ஸ், யார் எந்த கோர்ட்ல நிக்கலாம்னு தனித்தனி விதி, லண்டன் போய்ட்டு வந்தவருக்கு ஒரு மரியாதை இங்கயே படிச்சவருக்கு வேற மரியாதை. முக்கியமா லைசென்ஸை பிடுங்குற அதிகாரம் ஜட்ஜுங்க கையில இருந்துச்சு. 1926ல பார் கவுன்சில்னு ஒண்ணு வந்துச்சுதான், ஆனா தப்பு பண்ண வக்கீலைப் பத்தி விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்குறதோட அதோட வேலை முடிஞ்சுது, முடிவு ஹைகோர்ட்டோடது. சுதந்திரத்துக்கு அப்புறம் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் எஸ்.ஆர்.தாஸ் தலைமையில 1951ல ஒரு கமிட்டி போட்டாங்க, 1953ல ரிப்போர்ட் வந்துச்சு, நாடு முழுக்க ஒரே ரக வக்கீல், அவங்களை அவங்களே ஆளட்டும்னு அதோட சாரம். அதைத்தான் 1961ல சட்டமாக்குனாங்க. ஜட்ஜுக்கு எதிரா பேச வேண்டிய ஆளோட பிழைப்பு அந்த ஜட்ஜ் கையிலயே இருந்தா அவர் எப்படி வாயைத் திறப்பார்? யோசனை நியாயமானதுதான்.

இங்கதான் சிக்கலும் ஆரம்பிக்குது. சட்டத்தோட 6வது பிரிவுல மாநில கவுன்சில் என்னென்ன செய்யணும்னு எழுதியிருக்கு. வக்கீலா சேத்துக்கணும், பதிவேடு வெச்சுக்கணும், வக்கீல் பண்ற தொழில் ஒழுங்கீனத்தை விசாரிச்சு முடிவு பண்ணணும், இதுக்கு அடுத்த வரியிலயே வக்கீல்களோட உரிமை, சலுகை, நலன் எல்லாத்தையும் பாதுகாக்கணும். தண்டிக்குறதும் காப்பாத்துறதும் அடுத்தடுத்த வரி, ஒரே ஆபீஸ். அந்த ஆபீஸ்ல உக்காரப் போறவங்க யாரு? வக்கீல்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சவங்க. பெரிய மாநிலத்துல 25 பேரை எலெக்ட் பண்ணணும், அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசோட தலைமை வக்கீல், பதவி வழியா ஒரு மெம்பர், அவ்ளோதான். பேட்ஸ்மேன்களே ஓட்டுப் போட்டு அம்பயரை எடுத்துட்டு, அதே அம்பயர் அடுத்த தடவையும் நிக்கணும்னா அவங்ககிட்டயே வந்து ஓட்டு கேக்கணும்னு வெச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இங்கிலாந்துலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. 2004ல கவர்மென்ட் கேட்டு கிளெமென்டிங்குறவர் குடுத்த ரிப்போர்ட் வந்தப்புறம் ரெண்டையும் அறுத்துட்டாங்க. பாரிஸ்டர்களுக்காகப் பேச பார் கவுன்சில், கண்டிக்க பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு. சொலிசிட்டர்களுக்கு லா சொசைட்டி ஒரு பக்கம், ரெகுலேஷன் அத்தாரிட்டி இன்னொரு பக்கம். 2007 சட்டத்துல அதை உறுதிப்படுத்தி, கட்சிக்காரங்க நேரா போய் புகார் சொல்ல 2010ல தனியா ஒரு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) ஆபீஸும் தொறந்தாங்க. நம்மகிட்ட இன்னும் எல்லாம் ஒரே கூரைதான்.

கவுன்சில் தன்னோட அதிகாரத்தை முதல்ல காட்டுறது வாசப்படியில, அதாவது வக்கீலா பேர் பதியுற என்ரோல்மென்ட்ல. சட்டத்துல இருக்குற ஃபீஸ் 1993ல திருத்துன கணக்குப்படி மாநில கவுன்சிலுக்கு 600, டெல்லிக்கு 150, ஆக 750 ரூபா. எஸ்சி எஸ்டிக்கு 125. நிஜத்துல வாங்குனது எவ்ளோ தெரியுமா, பல மாநிலத்துல 15 ஆயிரம், 20 ஆயிரம், ஒடிசால 40 ஆயிரத்துக்கு மேல. லைப்ரரி ஃபண்ட், ஐடி கார்டு, வெல்ஃபேர், ப்ராசஸிங்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். சட்டம் படிச்சு முடிச்ச ஏழை வீட்டுப் பையன் முதல் நாள் பாக்குறதே சட்டத்துல இல்லாத வசூல்! 2024 ஜூலை 30ஆம் தேதி கௌரவ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு முற்றுப்புள்ளி வெச்சுது, சட்டத்துல இருக்குறதுக்கு மேல ஒரு பைசா வாங்கக் கூடாது, ஆனா ஏற்கனவே வாங்குனதை திருப்பித் தர வேண்டாம். கவுன்சில்கள் தரப்புல வாதம் என்னன்னா 30 வருஷம் முன்னாடி வெச்ச 750 ரூபாயில ஆபீஸ் எப்படி நடத்துறது, சம்பளம் எப்படி குடுக்குறது. அதுலயும் உண்மை இருக்கு, ஆனா பணம் பத்தலன்னா பார்லிமென்ட்ல போய் சட்டத்தை மாத்தச் சொல்லணும், அதுக்காக புதுசா வர்ற பசங்க பாக்கெட்ல கை வைக்கக் கூடாது.

அடுத்தது பரீட்சை. 2010ல கொண்டு வந்த ஆல் இந்தியா பார் எக்ஸாம். ஆரம்பத்துல புக்கை வெச்சே எழுதலாம், இப்ப குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம் மட்டும்தான் உள்ள எடுத்துட்டுப் போகலாம். அப்படி ஒரு பரீட்சை வைக்க கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லன்னு கேஸ் போட்டாங்க, 2023 பிப்ரவரில அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் அதிகாரம் இருக்குன்னு சொல்லிடுச்சு. காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்குறதும் டெல்லி கவுன்சில்தான். லெட்டர் பேட் காலேஜ்னு நம்ம பக்கம் சொல்லுவோமே, க்ளாஸுக்குப் போகாமலே டிகிரி, அதை எல்லாம் இன்னும் முன்னாடியே வடிகட்டி இருக்கணும். பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல் வந்ததுக்கும் இதே கவுன்சில்தான் காரணம், 80கள்ல சட்டப் பேராசிரியர் மாதவ மேனனை வெச்சு ஆரம்பிச்சது, இன்னைக்கு இருக்குற எல்லா நேஷனல் லா யூனிவர்சிட்டிக்கும் அதுதான் மூத்தது.

நடத்தை விதிகளையும் டெல்லி கவுன்சில்தான் எழுதுது. ஜெயிச்சா இத்தனை பர்சென்ட்னு ஃபீஸ் பேசக் கூடாது, சொந்தமா வியாபாரம் நடத்தக் கூடாது, விளம்பரம் கூடாது. 36வது விதி சுவாரசியமானது. போர்டு அளவா இருக்கணும், அதுலயும் லெட்டர்ஹெட்லயும் தான் பார் கவுன்சில் மெம்பர், சங்கத் தலைவர், முன்னாள் ஜட்ஜ்னு எல்லாம் போட்டுக்கக் கூடாது. இதைப் படிச்சுட்டு நம்ம ஊர்ல ஒரு தெரு நடந்து பாருங்க. 2008ல பேர், அட்ரஸ், படிப்பு, எந்த மாதிரி கேஸ் எடுப்பார்ங்குற அளவுக்கு வெப்சைட் வெச்சுக்கலாம்னு தளர்த்துனாங்க. வக்கீலுக்கு ரேட்டிங் போட்டு ரேட் போட்டு விக்குற ஆன்லைன் கம்பெனிகளை தடுக்கச் சொல்லி 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னதும் இந்த விதியை வெச்சுத்தான். அதுக்கு முந்தின மாசம் அதே ஹைகோர்ட் ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் குறைஞ்சது 20 ஆயிரம், மத்த ஊர்ல 15 ஆயிரம் குடுக்கணும்னு சொல்லிச்சு, அக்டோபர்ல டெல்லி கவுன்சில் கிட்டத்தட்ட அதே தொகையை சர்க்குலரா விட்டுச்சு, ஆனா கட்டாயம்னு இல்ல, பரிந்துரைதான். சீனியர்களோட ஓட்டும் வேணுமே.

சரி, இந்த இரட்டை வேலை எங்க வெடிக்கும்னு பாக்கணும்னா தமிழ்நாடே போதும். 2009 பிப்ரவரி 19 ஹைகோர்ட் வளாகத்துல போலீஸ் வக்கீல் மோதல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னாடியே, 2002 ஹரிஷ் உப்பல் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் வக்கீலுக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமை இல்ல, கோர்ட் புறக்கணிப்பும் கூடாது, ரொம்ப ரொம்ப அபூர்வமான விஷயத்துல மட்டும் ஒரு நாள்னா பாத்துக்கலாம்னு சொல்லியாச்சு. சொல்லி என்ன, புறக்கணிப்பு நடந்துட்டேதான் இருந்துச்சு, பார் கவுன்சில்கள் நடவடிக்கை எடுத்ததும் குறைவு. எப்படி எடுப்பாங்க, புறக்கணிப்புல முன்னாடி நிக்குறவர்தான் அடுத்த எலெக்‌ஷன்ல ஊர் ஊரா ஓட்டு சேத்துக் குடுக்குறவர்.

இதுல பொறுமை போய் 2016 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட் தானே களத்துல எறங்குச்சு. வக்கீல்களுக்கான தன்னோட விதிகள்ல 14ஏ, 14பினு புதுசா சேத்துச்சு. ஜட்ஜ் பேரைச் சொல்லி காசு வாங்குனா, கோர்ட் ரெக்கார்டுல கை வெச்சா, ஜட்ஜை மிரட்டுனா திட்டுனா, குடிச்சுட்டு வந்தா, கோர்ட்டுக்குள்ள ஊர்வலம் போனா, கோர்ட் ஹால்ல அட்டை பிடிச்சா, ஹைகோர்ட்டோ மாவட்ட ஜட்ஜோ அந்த வக்கீலை வாதாடவே விடாம தடுக்கலாம், நிரந்தரமாவும் தடுக்கலாம். முதல் மூணு நாலு விஷயத்துல யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனா திட்டு வாங்குனதா சொல்ற ஜட்ஜ், விசாரிக்குற ஜட்ஜ், தண்டனை குடுக்குற ஜட்ஜ் எல்லாம் ஒரே பக்கம்னா? மாநிலம் பூரா போராட்டம், ஜூலை 25 ஹைகோர்ட் முற்றுகை, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி டெல்லி கவுன்சில் ஒரே அடியா 126 தமிழ்நாட்டு வக்கீல்களை சஸ்பெண்ட் பண்ணுச்சு. ஒழுங்கு நடவடிக்கை வருஷக்கணக்கா நகராத அமைப்பு, மேல இருந்து அழுத்தம் வந்ததும் மொத்தமா பேர் லிஸ்ட் வெளியிடுது! அப்புறம் விதிகளை நிறுத்தி வெச்சாங்க, சஸ்பென்ஷனையும் வாபஸ் வாங்குனாங்க. 2019 ஜனவரி 28ல சுப்ரீம் கோர்ட் அந்த விதிகளை ரத்தே பண்ணிடுச்சு, ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலோட அதிகாரம், கோர்ட் அதை விதி போட்டு எடுத்துக்க முடியாதுன்னு.

இந்தக் கோட்டை சுப்ரீம் கோர்ட் முன்னாடியும் ஒரு தடவை தாண்டி, தானே பின்வாங்கியிருக்கு. அலகாபாத் ஹைகோர்ட்ல ஒரு ஜட்ஜை மிரட்டுனதா அவமதிப்பு கேஸ், 1995ல வினய் சந்திர மிஸ்ராவுக்கு மூணு வருஷம் ப்ராக்டிஸ் தடைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. அந்த மிஸ்ரா யாருன்னா அப்ப பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட சேர்மனே அவர்தான். 1998ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் உக்காந்து அவமதிப்புக்கு ஜெயில் குடு, ஃபைன் போடு, லைசென்ஸ் பக்கம் மட்டும் போகாத, அது கவுன்சில் வேலைன்னு திருத்துச்சு. சேர்மன் மேலயே புகார்னா கவுன்சில் என்ன பண்ணிருக்கும்ங்குற கேள்வி அப்படியே நிக்குது.

கோர்ட் வேண்டாம், அப்ப கவர்மென்ட்? 2025 பிப்ரவரில சட்டத்தை திருத்த ஒரு வரைவு வந்துச்சு. கோர்ட் புறக்கணிப்புக்கு தனியா தடை, டெல்லி கவுன்சில்ல மத்திய அரசு நியமிக்குற மெம்பர் மூணு பேர், கவுன்சிலுக்கு உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம். நாடு முழுக்க எதிர்ப்பு, பத்து நாள்ல வாபஸ் வாங்கி திருப்பி எழுதுறோம்னாங்க. எதிர்த்தது சரின்னுதான் எனக்குப் படுது, நாட்டுலயே அதிகமா கேஸ் நடத்துறது கவர்மென்ட்தான், எதிர்த்தரப்பு வக்கீலோட லைசென்ஸ் பக்கத்துல அது போய் உக்காரக் கூடாது. ஆனா இப்ப இருக்குற கவுன்சில் அரசியல்ல இருந்து தள்ளி நிக்குதான்னா அதுவும் இல்ல, டெல்லி சேர்மன் மனன் குமார் மிஸ்ரா 2024ல பிஜேபி ராஜ்யசபா எம்பி ஆனார், சேர்மன் நாற்காலியும் தொடர்ந்துச்சு. எனக்கு என்ன தோணுதுன்னா அதிகாரம் வக்கீல்கள்கிட்டயே இருக்கட்டும், ஆனா புகாரை விசாரிக்குறவர் ஓட்டு கேக்குறவரா இருக்கக் கூடாது, ரிட்டயர்டு ஜட்ஜ், வெளியாள் ஒருத்தர், எலெக்‌ஷன்ல நிக்காத சீனியர்னு தனியா ஒண்ணு வெக்கலாம்.

எலெக்‌ஷனாவது ஒழுங்கா நடக்குதா? பதவிக்காலம் அஞ்சு வருஷம், அதிகபட்சம் ஆறு மாசம் நீட்டிக்கலாம். தமிழ்நாட்டுல 2018 மார்ச்ல நடந்தது, கணக்குப்படி 2023ல வந்திருக்கணும், வரல. போலி வக்கீல்களை களையெடுக்க சர்டிபிகேட் சரிபார்க்குறோம், அது முடியட்டும்னு 2015 விதிகளை வெச்சு பல மாநிலத்துல இழுத்துட்டே போனாங்க. 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் 2026 ஜனவரிக்குள்ள முடிங்கன்னு சொல்லி, அப்புறம் கட்டம் கட்டமா நடத்த ஏற்பாடு பண்ண வேண்டியதாச்சு. டிசம்பர்ல பெண்களுக்கு 30 சதவீத இடம் வேணும்னும் சொல்லிச்சு. அதையும் கோர்ட்தான் சொல்ல வேண்டியிருக்கு.

இப்ப கேஸ் குடுத்து ஏமாந்தவருக்கு வருவோம், ஏன்னா 2024க்கு அப்புறம் அவருக்கு வழி குறைஞ்சுபோச்சு. முன்னெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட்ல வக்கீல் மேல சேவைக் குறைபாடுன்னு போட்டுப் பாக்கலாம். 2024 மே 14ல டி.கே.காந்தி கேஸ்ல வக்கீல் வேலை கன்ஸ்யூமர் சட்டத்துக்குள்ள வராதுன்னு சொல்லிட்டாங்க. சிவில்ல நஷ்டஈடு கேக்கலாம், மோசடின்னா போலீஸ், இல்லன்னா பார் கவுன்சில். கவுன்சில்ல 35வது பிரிவுல எழுத்துப்பூர்வமா புகார் குடுக்கணும், முகாந்திரம் இருந்தா மூணு பேர் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும், அதுல ரெண்டு பேர் எலெக்ட் ஆன மெம்பர், ஒருத்தர் வெளிய இருந்து எடுக்குற வக்கீல். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், கொஞ்ச காலம் சஸ்பெண்ட் பண்ணலாம், பேரையே அடிக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள முடியலன்னா கேஸ் தானா டெல்லி கவுன்சிலுக்குப் போயிடும், அங்கயும் குவிஞ்சு கிடக்குது, 2021ல சுப்ரீம் கோர்ட்டே இதைக் கடிஞ்சு ஒரு வருஷக் கெடுவை மதிங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. முடிவு பிடிக்கலன்னா 60 நாளுக்குள்ள டெல்லிக்கு அப்பீல், அதுக்கு மேல இன்னொரு 60 நாள்ல சுப்ரீம் கோர்ட்.

புகார் குடுக்குறவங்க நிறைய பேர் தோத்துப்போன கேஸுக்காகக் குடுக்குறாங்க, அது நிக்காது. சரியா வாதாடலன்னாலும் வெறும் திறமைக் குறைவுன்னா நிக்குறது கஷ்டம். நிக்குறது என்னன்னா கட்சிக்காரர் பணத்தை வாங்கி வெச்சுக்கிட்டது, கோர்ட்ல வந்த நஷ்டஈட்டை குடுக்காம இழுத்தது, ரெண்டு பக்கமும் ஆஜரானது, கேஸே ஃபைல் பண்ணாம வாய்தா வாய்தான்னு கதை விட்டது, இந்த மாதிரி. ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க் ஸ்டேட்மென்ட், கேஸ் நம்பர் எல்லாம் சேத்து வெச்சுட்டுப் போகணும், வாய்வார்த்தையா சொன்னா அங்க நேரம்தான் போகும்.

இன்னொண்ணு, அடிக்கடி நடக்குறது. வக்கீலை மாத்தணும்னு போனா பழைய வக்கீல் "பாக்கி ஃபீஸைக் கட்டு, அப்புறம் கேஸ் கட்டு தரேன்"னு பிடிச்சு வெச்சுக்குவார், நம்மாளும் வேற வழியில்லன்னு கடன் வாங்கிக் கட்டுவார். 2000ல ஆர்.டி.சக்சேனா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, ஃபீஸ் பாக்கிக்காக கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்ல, ஃபீஸ் வரலன்னா தனியா கேஸ் போட்டு வாங்கிக்கட்டும், கட்டைத் தராதது தொழில் ஒழுங்கீனம். புது வக்காலத்துக்கு பழையவர் சம்மதம் தரலன்னாலும் புது வக்கீல் கோர்ட்ல மனு போட்டு அனுமதி வாங்கிக்கலாம், அதுக்கும் விதியிலயே எடம் இருக்கு.